விழித்திருக்கும் இரவும் மூன்றாம் பத்தியும்

டிசம்பர் 31 நள்ளிரவு நெருங்குகையில் நம் ஆலயங்களில் சபையார் முழங்காலிடுகின்றனர். ஆண்டு பிறந்ததும் எழுந்து வாழ்த்துச் சொல்லி, வாக்குத்தத்த அட்டையொன்றைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்புகின்றனர். இவ்வழிபாட்டை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆண்டு முழுதும் கூலிவேலையிலும் வசைச்சொல்லிலும் கழித்த ஒருவருக்கு அந்த ஒரு நிமிட மௌனம் பெரிது. ஆயினும், புதுவாழ்வை உள்ளத்தோடு நிறுத்திவிடும் பிரசங்கங்கள் இந்த இரவின் வரலாற்றில் பாதியை மறைத்துவிடுகின்றன.

18ஆம் நூற்றாண்டில் மொராவியரும், பின்னர் ஜான் வெஸ்லியின் வழிவந்த மெதடிஸ்டுகளும் வளர்த்தெடுத்தது இவ்வாராதனை. இதற்குப் புதுப்பொருள் தந்தவர்கள் அமெரிக்கக் கறுப்பின மக்கள். அடிமைமுறை நிலவிய தென்மாநிலங்களில் சனவரி 1 அச்சத்தின் நாள். அன்றுதான் அடிமைகளை ஓராண்டு வாடகைக்கு அனுப்புவர்; உடைமையாளரின் கடனை அடைக்க விற்பர். தாயையும் பிள்ளையையும் பிரித்த அந்நாளை அவர்கள் ‘நெஞ்சுடையும் நாள்’ என்றனர். கிளர்ச்சி செய்த மாநிலங்களின் அடிமைகள் 1863 சனவரி 1 முதல் விடுதலை பெறுவர் என்று லிங்கன் 1862 செப்டம்பர் 22 அன்று முன்னறிவித்தார். எனவே, அந்த ஆண்டின் கடைசி இரவில் செபத்தில் விழித்திருந்தோர் ஓர் அரசாணைக்காகவே காத்திருந்தனர். மறுநாள் பாஸ்டனில் பிரடெரிக் டக்ளஸ் உள்ளிட்டோர் தந்தி வரும்வரை, இரவு வெகுநேரம் அரங்கிலேயே இருந்தனர். அவ்வாணை எல்லா அடிமைகளையும் விடுவிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதற்கு 1865இன் 13ஆம் திருத்தம் வேண்டியிருந்தது.

நம்முன்னும் ஓர் ஆணை உள்ளது. 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளிவந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதோர் பட்டியல் சாதியினர் ஆகார் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் இசுலாமியரும் இன்னும் வெளியே நிற்கின்றனர்.

இதன் பொருளை ஒரு பெட்டிக்கடை விளக்கும். சென்னை அண்ணா சாலைச் சந்திப்பொன்றில் சாலையோரம் செருப்புத் தைத்து வந்த சூசை, ஆதிதிராவிடர், கிறித்தவர். அத்தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை வழங்கியபோது, மதத்தைக் காட்டி அவருக்கு மறுத்தது. மதம் மாறிய பின்னும் சாதி தொடரக்கூடும் என்று ஏற்ற உச்ச நீதிமன்றம், கிறித்தவத்துக்குள்ளும் அதே அளவு ஒடுக்குமுறை நீடிப்பதற்குப் போதிய சான்றில்லை என்று 1985இல் அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது. அந்தச் சான்று திருச்சபையின் கல்லறைத் தோட்டங்களில் சுவராகவே நின்றது. அதை எடுத்துக் கொடுக்க வேண்டியவர்கள் அன்று பேசவில்லை. 2016 டிசம்பரில், கிறிஸ்துமசுக்குச் சில நாள்கள் முன்பு, கத்தோலிக்க ஆயர் பேரவை தன் தலித் கொள்கை ஆவணத்தில் திருச்சபைக்குள் தீண்டாமை உண்டு என ஒப்புக்கொண்டது. தாமதமான பாவ அறிக்கை. ஆனாலும் பயன்படும் அறிக்கை.

மூன்றாம் பத்தியை நீக்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. நடுவண் அரசு அதை ஏற்காமல், 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையத்தை அமைத்தது.

ஆட்சியாளருக்காகச் செபிக்கும் மன்றாட்டு நம் வழிபாட்டில் ஏற்கெனவே உண்டு. வரும் டிசம்பர் 31 இரவில் அம்மன்றாட்டை வாசிக்கும் பொறுப்பை ஊர்தோறும் இளைஞர்கள் கேட்டுப் பெற வேண்டும். மூன்றாம் பத்தியையும், தத்தம் ஊர்க் கல்லறைச் சுவரையும் அதில் பெயர்சொல்லிச் சேர்க்க வேண்டும்.