தாளைத் தின்னும் மை

நாட்டுமருந்துக் கடையில் மாசிக்காய் கேட்டால், கோலிக்குண்டு அளவில், சாம்பல் நிறத்தில், முண்டும் முடிச்சுமாக ஒன்றை எடுத்துத் தருவார்கள். கைக்குழந்தைக்கு உரசிக் கொடுக்கும் உரைமருந்தில் இதற்கும் இடம் உண்டு. ஓக் மரத்தின் இளங்கிளையில் ஒருவகைச் சிறு குளவி முட்டையிடும்போது, அந்த இடத்தில் மரம் புடைத்து உண்டாகும் கட்டி இது. உள்ளே டானின் என்னும் துவர்ப்புப் பொருள் நிறைந்திருக்கும். இதை இடித்து ஊறவைத்த நீரில் அன்னபேதி என்னும் இரும்பு உப்பைக் கரைத்து, கொஞ்சம் வேலம்பிசின் சேர்த்தால் கறுப்பு மை தயார். ஐரோப்பா பல நூற்றாண்டுகள் இந்த மையில்தான் எழுதியது. கடிதம், கணக்கு, சாசனம், பிரசங்கம் எல்லாம்.

1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கிய பார்த்தலோமேயு சீகன்பால்கும் அந்த மையின் உலகத்திலிருந்து வந்தவர்தான். ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில், புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அவரையும் ஹைன்ரிக் புளூட்சோவையும் மிஷனரிகளாக அனுப்பிவைத்தார். கடற்பயணத்துக்கே ஏழு மாதங்களுக்கு மேல் ஆனது.

வந்த இடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். பெரியவர்கள் பனையோலையில் எழுத்தாணியால் கீறினார்கள். சீகன்பால்க் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். பிறகு தமிழ் படிப்பதற்கென்றே நாளைப் பங்குபோட்டுக்கொண்டார். காலை எட்டு மணி முதல் நண்பகல் வரை, உதவிக்குப் புலவர் ஒருவரையும் எழுத்தர் ஒருவரையும் வைத்துக்கொண்டு புதிய நூல்களைப் படித்தார். இரவில் கண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்பதால் வேறொருவர் வாசிக்க, அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஏடு சேர்க்க அவர் கையாண்ட வழி கெட்டிக்காரத்தனமானது. பல நாள் நடைதூரத்து ஊர்களுக்கு எழுத்தர்களை அனுப்பி, கணவனை இழந்த பிராமணப் பெண்களிடம் இருந்த சுவடிகளைச் சல்லிசாக வாங்கிவரச் செய்தார். அதில் உறுத்தல் ஏதும் இருந்ததாக அவர் காட்டிக்கொள்ளவில்லை. இப்படிச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களுக்கு 1708இல் குறிப்புகளோடு ஓர் அட்டவணை எழுதினார். தொல்காப்பியமும் திருக்குறளும் அதில் உண்டு. அந்த அட்டவணையின் கைப்பிரதி ஒன்று லண்டனில், ஸ்லோன் தொகுப்பில் இருக்கிறது.

அவர் எழுதிய தாள்கள் கப்பலேறி ஜெர்மனியின் ஹாலே நகரத்துக்குப் போயின. அங்கே ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே நடத்திய நிறுவனத்தில் கடிதங்களைத் திருத்தி, வேண்டாததை வெட்டி, 1710 முதல் தொடராக அச்சிட்டார்கள். தமிழரின் சமயத்தைப் பற்றிய பெரிய நூல்களுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. புறச்சமயத்தை வேரறுக்கத்தான் மிஷனரிகள் அனுப்பப்பட்டார்கள், அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது ஃபிராங்கேயின் கருத்து. 1713இல் எழுதிய தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளி 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. தமிழரின் சமயத்தைப் பற்றி 1711இல் எழுதிய மற்றொரு நூல் 1926 வரை காத்திருந்தது. கொன்றை வேந்தன், உலகநீதி, நீதிவெண்பா ஆகியவற்றை அவர் 1708இல் ஜெர்மனில் பெயர்த்தார். அவை 1930இல் வெளிவந்தன. இந்த நூல்களில் எதையும் சீகன்பால்க் அச்சில் பார்க்கவில்லை. 1719இல், 36 வயதில், தரங்கம்பாடியிலேயே இறந்துபோனார்.

அச்சில் வந்தது வெட்டுப்பட்டது. அந்த மனிதர் என்ன நினைத்தார் என்று அறிய வேண்டுமானால் கையெழுத்துத் தாளுக்குத்தான் போக வேண்டும். சிக்கலும் அங்கேதான்.

அன்னபேதி மை எழுதும்போது வெளிறித்தான் இருக்கும். தாளின் இழைகளுக்குள் ஊறி, காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு இரும்பு மாறிய பிறகே கறுக்கும். அதனால்தான் எளிதில் கழுவிப்போவதில்லை. ஆனால் அன்னபேதியின் அளவு கூடினால் வினை தொடங்கிவிடும். மையிலுள்ள கந்தக அமிலம் தாளின் செல்லுலோஸ் சங்கிலியை அறுக்கும். மிஞ்சிய இரும்பு அயனிகள் ஆக்சிஜனேற்றத்தை முடுக்கிவிடும். ஈரம் இருந்தால் இரண்டும் வேகமெடுக்கும். முதலில் எழுத்தைச் சுற்றிப் பழுப்பு படரும், பிறகு பின்பக்கத்தில் எழுத்து தெரியும், முடிவில் எழுத்து இருந்த இடத்தில் ஓட்டை விழும்.

தப்பித் திரியும் இரும்பைக் கண்டுபிடிக்க ஒரு சோதனைத்தாள் உண்டு. ஈரப்படுத்தி மையின்மேல் லேசாக அழுத்தினால் அது இளஞ்சிவப்பாகும். மருந்து தவிட்டிலிருக்கிறது! தவிட்டிலுள்ள ஃபைட்டிக் அமிலம் உணவின் இரும்பைப் பிடித்துவைத்து உடலில் சேரவிடாது என்று சத்துணவு நிபுணர்கள் குறை சொல்வார்கள். காப்பக நிபுணர்களுக்கு அந்தக் குணம்தான் வேண்டும். கால்சியம் ஃபைட்டேட் கரைசலில் தாளை நனைத்து இரும்பைக் கட்டிவிட்டு, கால்சியம் பைகார்பனேட்டால் அமிலத்தை முறிக்கிறார்கள்.

பனையோலையின் கதை வேறு. கீறலில் தேய்க்கும் விளக்குக்கரி வெறும் கார்பன். ஓலையை அது ஒன்றும் செய்யாது. நம்மூர் வெப்பத்தில் ஓலைக்கு எமன் பூச்சி. அதனால்தான் சுவடிகளைத் தலைமுறைதோறும் புதிய ஓலையில் பெயர்த்தெழுதினார்கள். பெயர்த்தெழுத ஆளில்லாத நூல் அழிந்தது. குளிர்நாட்டில் பூச்சித் தொல்லை குறைவு, ஆனால் வறண்ட காற்றில் ஓலை விறைத்து ஒடியும். எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவி அதைத் துவளவைப்பது நம் சுவடி நூலகங்களின் வழக்கம்.

இரண்டு மைகளையும் பிரித்துக் காட்ட ஒளி போதும். புறஊதா ஒளியில் பழந்தாள் மங்கலாக ஒளிரும். மங்கிப்போன அன்னபேதி எழுத்து அந்த ஒளிர்வை அடக்கிக் கருப்பாக எழுந்து நிற்கும். அகச்சிவப்பில் நிலைமை தலைகீழ்: அலைநீளம் கூடக்கூட அன்னபேதி மை மறைந்துகொண்டே போகும், கரி மட்டும் அப்படியே இருக்கும். பழைய கையெழுத்தின்மேல் பின்னாளில் யாரோ கரிமையால் அடித்துத் திருத்தியிருந்தால், அகச்சிவப்புப் படத்தில் அந்த அடித்தலும் திருத்தமும் மட்டும் தனியாக மாட்டிக்கொள்ளும்.