கொள்ளைநோய்க் காலத்தில் அறநெறித் தீர்மானம்: ஈம் கிராமத்தின் வரலாறு

கிறிஸ்தவ அறநெறியியலை வகுப்பறையில் பயிலும்போது நமக்குக் காலம் இருக்கின்றது. கடமையை முதன்மையாகக் கொள்ளும் நெறி யாது, விளைவை அளவுகோலாகக் கொள்ளும் நெறி யாது, 1966இல் வெளிவந்த நூலில் ஜோசப் ஃப்ளெட்சர் வற்புறுத்திய சூழ்நிலை அறநெறி யாது என்று ஒவ்வொன்றையும் எடுத்து நிறுத்துப் பார்க்கலாம். நெருக்கடி வரும்போதோ காலம் இராது. செய்திகள் அரைகுறையாகவே வந்து சேரும். தீர்மானம் செய்யாதிருப்பதும் ஒரு தீர்மானமாகிவிடும். அத்தகைய வேளையில் திருப்பணியாளர் ஒருவர் எதனைக் கொண்டு தெளிவு பெறுவார் என்பதே இங்கு நாம் ஆராயும் கேள்வி. கொள்கைகளை மட்டும் வைத்து இதனை ஆராய்வதைவிட, நடந்த ஒரு நிகழ்ச்சியை நெருங்கி நின்று பார்ப்பது பயனுள்ளது.

அதற்கு முன் லுத்தரைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 1527ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் விட்டன்பர்க் நகரில் கொள்ளைநோய் தோன்றியது. பல்கலைக்கழகம் யேனா நகருக்கு மாற்றப்பட்டது. லுத்தரையும் வெளியேறும்படி சாக்சனியின் ஆட்சியாளர் யோகான் பணித்தார். அவர் செல்லவில்லை. அவர் மனைவி கத்தரீனா அப்போது கருவுற்றிருந்தார். வீடோ மருத்துவமனைபோல் ஆயிற்று. பூகன்ஹாகனும் நகரிலேயே தங்கினார். அந்நாட்களில், சாவுக்கேதுவான நோய்க்கு அஞ்சிக் கிறிஸ்தவன் ஓடலாமா என்று பிரெஸ்லாவ் நகரப் போதகர் யோகான் ஹெஸ் கேட்டிருந்த கேள்விக்கு லுத்தர் வெளிப்படையான கடிதமாக விடை எழுதினார். தாம் தங்கியிருந்தும், தங்காதோரை அவர் பழிக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. பிறர்பால் பொறுப்பு ஏற்றிருப்போர், அதாவது போதகர், நகர அதிகாரிகள், மருத்துவர், பெற்றோர், எசமானர் ஆகியோர் தமக்குப் பதிலாள் இல்லாமல் விலகக்கூடாது. அத்தகைய கட்டு இல்லாதோர் தம் உயிரைக் காத்துக்கொள்ள விலகுவது பாவமன்று என்பது அவர் கொண்ட முடிவு. மருந்தையும் எச்சரிக்கையையும் இகழ்ந்து, விசுவாசத்தின் பெயரால் நோயிடையே திரிவோரைத் தேவனைச் சோதிப்போர் என்று அவர் கடிந்துகொண்டார். ஓடுவதும் பாவமாகலாம், ஓடாதிருப்பதும் பாவமாகலாம் என்று கண்டதே அவர் கடிதத்தின் சிறப்பு.

எனினும் அக்கடிதம் பெரும்பாலும் தனி மனிதனின் கடமையைப் பற்றியது. ஒரு சமுதாயம் முழுவதையும் பார்த்து, ‘நீங்கள் எல்லாரும் இங்கேயே இருங்கள்’ என்று கேட்கப் போதகருக்கு உரிமை உண்டா? இக்கேள்வி இங்கிலாந்தில் டார்பிஷயர் மலைப்பகுதியிலுள்ள ஒரு சிற்றூரில் எழுந்தது. அதன் பெயரை எழுத்தின்படி ‘ஏயம்’ என்று வாசிக்கத் தோன்றும். அவ்வூரார் ‘ஈம்’ என்றே ஒலிக்கின்றனர். ஈயச் சுரங்கத் தொழிலும் பயிர்த்தொழிலும் அவர்கள் பிழைப்பு.

1665ஆம் ஆண்டு இலண்டனில் கொள்ளைநோய் பரவியிருந்த காலத்தில், ஈம் கிராமத்துத் தையற்காரர் ஒருவருக்கு அந்நகரிலிருந்து துணி வந்தது. அவ்வீட்டில் வேலைசெய்த ஜார்ஜ் விக்கர்ஸ் என்பவர் செப்டம்பர் 7ஆம் நாள் இறந்தார். துணியிலிருந்த தெள்ளுப்பூச்சிகளே நோயைக் கொணர்ந்தன என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. குளிர்காலத்தில் தணிந்த நோய் 1666இன் கோடையில் மீண்டும் மூண்டது. வசதியுடையோர் சிலர் ஏற்கெனவே ஊரைவிட்டுப் போயிருந்தனர். எஞ்சியோரும் புறப்பட ஆயத்தமாயினர். அண்மையில் ஷெஃபீல்டு, பேக்வெல் போன்ற ஊர்கள் இருந்தன. அவர்கள் அங்கே சென்றால் நோயும் உடன் செல்லும்.

அவ்வூர்க் குருவானவர் வில்லியம் மாம்பெசன் இளைஞர். பணியேற்று நெடுங்காலம் ஆகவில்லை. மக்கள் அவரை நன்கு அறியவில்லை; முழுதும் நம்பவுமில்லை. அவர்கள் நம்பியது தாமஸ் ஸ்டான்லியை. இவர் முன்பு அவ்வூரில் ஊழியம் செய்தவர். 1662ஆம் ஆண்டின் வழிபாட்டு ஒருமைச் சட்டத்திற்கு இணங்க மறுத்துப் பதவியை இழந்த பியூரிட்டன். இவ்விருவரும் சபைக் கட்சியால் எதிரெதிரானவர்கள் என்பதை மறக்கலாகாது. ஒருவரது பதவி மற்றவரது இழப்பின் வழியே வந்தது. ஆயினும் 1666 ஜூனில் இருவரும் சேர்ந்தே ஊராரிடம் பேசினர். அவ்வேளையில் ஸ்டான்லியை நாடிச் செல்லாமல் மாம்பெசன் தம் பதவியின் அதிகாரத்தை மட்டும் நம்பியிருப்பாரானால், அவர் சொல் மக்கள் செவியில் ஏறியிருக்குமா என்பது ஐயமே. நெருக்கடியில் செலவிடப்படும் நம்பிக்கை நெருக்கடிக்கு முன்னரே ஈட்டப்பட்டதாக இருக்கவேண்டும். தம்மிடம் அது இல்லையென்று கண்டவர், உள்ளவரிடம் சென்று கேட்கவேண்டும்.

அவர்கள் செய்த தீர்மானங்கள் மூன்று. ஊர் எல்லையை ஒருவரும் கடக்கலாகாது. ஆலயத்தைப் பூட்டிவிட்டு, திறந்த வெளியில் விலகி நின்று ஆராதிக்கவேண்டும். அடக்க ஆராதனையும் கல்லறைத் தோட்டமும் இன்றி, ஒவ்வொரு குடும்பமும் தன்னுடைய இறந்தோரைத் தானே புதைக்கவேண்டும். உணவை வெளியூரார் எல்லைக் கற்களில் வைத்துச் செல்வர். விலைக்காசு கற்குழிகளில் புளிக்காடியில் இடப்பட்டிருக்கும். சாட்ஸ்வொர்த்தில் வாழ்ந்த டெவன்ஷயர் பிரபு உணவுப்பொருள்கள் அனுப்ப உடன்பட்டார். இவ்வேற்பாடு முன்கூட்டியே செய்யப்பட்டது என்பது முக்கியமானது. பட்டினியை ஏற்கும்படி மக்களிடம் கேட்கப்படவில்லை.

மூன்றாம் தீர்மானத்தின் கொடுமையை நாம் எளிதாக எண்ணிவிடக்கூடாது. எலிசபெத் ஹான்காக் என்னும் பெண்மணி அவ்வாண்டு ஆகஸ்டில் எட்டே நாட்களில் தம் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தம் கையாலேயே புதைத்தார். 2020 ஏப்ரலில், தொற்றினால் இறந்த மருத்துவர் ஒருவரின் அடக்கத்தைச் சென்னையில் ஒரு கூட்டம் தடுத்ததைக் கண்ட நமக்கு, மரியாதையான அடக்கம் மறுக்கப்படுவதன் வேதனை என்னவென்று விளக்கத் தேவையில்லை. ஆயின் வேறுபாடு ஒன்று உண்டு. ஈம் கிராமத்தில் அவ்வுரிமையை மக்கள் தாமே விட்டுக்கொடுத்தனர். சென்னையில் அது பிறரால் பறிக்கப்பட்டது.

கடைசி மரணம் 1666 நவம்பர் 1ஆம் நாள் நேர்ந்தது. ஏறத்தாழ 260 பேர் மாண்டனர். ஊரின் மக்கள்தொகை 350 என்பாரும், 700க்கு மேல் என்பாரும் உளர். சுற்றுவட்டாரத்தில் நோய் பரவவில்லை.

இதனைத் தியாகத்தின் உச்சம் என்று போற்றிப் பிரசங்கிப்பது எளிது. அப்போற்றுதலின் பெரும்பகுதி பிற்கால நூற்றாண்டுகளில் வளர்ந்தது என்பதை வரலாற்றாசிரியர் எடுத்துக்காட்டியுள்ளனர். நோயற்றோரையும் நோயுற்றோரையும் ஒரே எல்லைக்குள் அடைத்தது பெரும் பிழை, நலமுடையோரை வெட்டவெளிக் குடிசைகளில் பிரித்து வைத்திருக்கலாம் என்ற கண்டனமும் உண்டு. நோய்க்கிருமி 1894இல்தான் கண்டறியப்பட்டது. தெள்ளுப்பூச்சியின் பங்கு அதற்கும் பின்னரே தெரிந்தது. ஈம் கிராமத்துப் பதிவேடுகளைக் கொண்டு 2016இல் வெளியான ஓர் ஆய்வு, அங்கே தொற்றியவற்றுள் ஏறத்தாழ முக்காற்பங்கு மனிதரிடமிருந்தே மனிதருக்குத் தொற்றியிருக்கவேண்டும் எனக் கணித்துள்ளது. அவ்வாறாயின் வெளியூரைக் காத்ததில் எல்லைக்குப் பங்கு உண்டு என்பதும், உள்ளே இருந்தோர்க்கு அது ஆபத்தை மிகுதியாக்கியது என்பதும் ஒருங்கே உண்மையாகின்றன. தீர்மானம் சரியா தவறா என்பதை இன்றைய அறிவைக்கொண்டு அன்றையவர்மீது தீர்ப்பிடுவது நேர்மையன்று. அன்று அறியக்கூடியதைக் கேட்டறிந்தார்களா, தம் சொல்லுக்குத் தாமும் கட்டுப்பட்டார்களா என்று கேட்பதே நேர்மை.

இரண்டாம் கேள்விதான் நம்மைத் தடுமாறச் செய்கின்றது. எல்லை வகுக்கப்படுமுன் மாம்பெசன் தம் இரு பிள்ளைகளையும் யார்க்ஷயருக்கு அனுப்பிவிட்டார். மனைவி கேத்தரினையும் போகும்படி வேண்டினார். அவர் மறுத்துக் கணவருடன் தங்கி, 1666 ஆகஸ்டில் நோயினால் மரித்தார். குருவானவரின் பிள்ளைகள் வெளியே உயிருடன் இருந்தபோது, ஹான்காக் குடும்பத்துப் பிள்ளைகள் உள்ளே இருந்தனர். தகப்பன் என்ற முறையில் மாம்பெசன் செய்தது குற்றமன்று; லுத்தரின் நெறிப்படியும் பிள்ளைகள் கடமைக் கட்டில்லாதோரே. அந்த நெறியின்படியே ஊரிலுள்ள மற்றப் பிள்ளைகளும் கட்டில்லாதோர் அல்லரோ? இக்குறை மாம்பெசனின் தியாகத்தை அழித்துவிடாது. தியாகமும் இக்குறையை மறைத்துவிடாது. சரியான தீர்மானத்திலும் மீதியாக ஒரு கடன் நிற்கும் என்பதைப் பான்ஹோஃபர் ஆழ்ந்து உணர்ந்திருந்தார். பொறுப்புள்ள செயல் குற்றப்பங்கை ஏற்கவும் ஆயத்தமாயிருக்கும் என்று அவர் எழுதினார். ஃப்ளெட்சரின் எடுத்துக்காட்டுகளில் நான் காணும் குறைவு இதுவே: முடிவு செய்தவுடன் கணக்கு தீர்ந்துவிடுகின்றது.

நம் சபைகளுக்கு இதனால் ஒரு வேலை இருக்கின்றது. பதிலாள் இன்றி விலகலாகாது என்ற லுத்தரின் விதி, பதிலாள் யார் என்று முன்பே எழுதிவைக்கப்பட்டால்தான் செயற்படும். புயலிலோ தொற்றிலோ குருசேகரத்தில் தனித்திருக்கும் முதியோர் யார், அவர்கள் வீட்டிற்குச் செல்வது யார், ஆலயத்தைப் பூட்ட முடிவு செய்வது யார், அடுத்த தெருவிலுள்ள வேறு சபைப் போதகருடன் பேசுவது யார், அடக்கத்திற்குக் குடும்பத்தார் வர இயலாவிட்டால் உடன் நிற்பது யார் என்பவற்றை, ஆபத்து ஏதுமில்லாத ஒரு மாதத்தில், சேகரக் கமிட்டியின் வழக்கமான கூட்டத்திலேயே வரவு செலவுக் கணக்கிற்கு அடுத்த பொருளாக எடுத்துக்கொள்ளலாம்.