விரல்நுனியில் ஒரு பச்சை ஒளி

பாளையங்கோட்டையில் 1964ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நாடி பார்த்தல் ஒரு பாடமாகவே இருந்து வருகிறது. மணிக்கட்டில் பெருவிரலின் கீழ் ஓடும் தமனிமீது சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் ஆகிய மூன்றையும் வைத்து, அழுத்தியும் தளர்த்தியும் வாத, பித்த, கப நடையை உணர்வது அம்முறை. மின்னணுவியலைப் பொழுதுபோக்காகப் பயில்வோர் வாங்கும், நாணய அளவேயான நாடியுணரி வேறு வழியில் செல்கிறது. மருத்துவரின் விரல் தமனியின் துடிப்பைத் தொட்டறிய, உணரியோ ஒளியின் ஏற்றத்தாழ்வை மட்டுமே காண்கிறது.

இதயம் சுருங்கும்போதெல்லாம் விரல்நுனியின் நுண்குழாய்களில் குருதி சற்றே மிகுகிறது. குருதியின் சிவப்புக்குக் காரணமான ஹீமோகுளோபின், உணரி விரல்மீது பாய்ச்சும் பச்சை ஒளியை நன்கு உறிஞ்சுவதால், அந்நொடியில் தோலிலிருந்து திரும்பி வரும் ஒளி குறைகிறது. அமெரிக்க உடலியலாளர் ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் 1937இல் ஒளிமின்கலம் கொண்டு பதிவு செய்த இம்மாற்றத்தையே, 2011இல் ஜோயல் மர்ஃபியும் யூரி கிட்மனும் ஆர்டுயினோ என்னும் சிறு நிரற்பலகையோடு இணைந்து பதியும் எளிய கருவியை உருவாக்கி, அதன் வடிவமைப்பையும் எவரும் பயன்படுத்துமாறு வெளியிட்டனர்.

கருவி எளிது, கைவர நாளாகும். திரும்பும் ஒளியில் துடிப்பின் பங்கு மிகச் சிறிது, பெரும்பகுதி தோலும் அதன் கீழுள்ள திசுக்களும் தரும் மாறாத பின்னணியே என்பதால், அச்சிற்றலையை மட்டும் பிரித்துப் பெருக்க வேண்டியுள்ளது. விரலை இறுக அழுத்தினால் நுண்குழாய்கள் ஒடுங்கி அலை மறைகிறது. மெல்ல வைத்தால் ஒவ்வோர் அசைவும் துடிப்பாகத் தோன்றுகிறது. அழுத்தத்தின் அளவறிதல் நாடி பார்ப்பவருக்கும் முதற்பாடம் என்பது எண்ணத்தக்கது. நெல்லையின் சித்திரை வெயில் சன்னல் வழியே உணரிமீது விழுந்தாலும், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை மினுங்கும் பழைய வகை டியூப் லைட்டின் ஒளி கலந்தாலும் அலை குலையும். கறுப்புத் துணியால் விரலோடு உணரியை மூடினால் போதும்.

எண்ணுவதில் மற்றொரு சிக்கல் உண்டு. அடுத்தடுத்த இரு முகடுகளுக்கு இடையே 800 மில்லிநொடி கழிந்தால், 60,000ஐ 800ஆல் வகுக்க, நிமிடத்திற்கு 75 துடிப்பு. ஆனால் பெருமுகட்டைத் தொடர்ந்து சிறுமுகடு ஒன்றும் எழுவதால், கவனமின்றி எழுதிய நிரல் இரண்டையும் எண்ணி 150 என்று காட்டிவிடும். இதைத் தவிர்க்க, முந்தைய இடைவெளியில் ஐந்தில் மூன்று பங்கு நேரம் கழியும்வரை புதிய துடிப்பை ஏற்காதிருக்குமாறு அக்கருவிக்கான நிரல் எழுதப்பட்டது.

கருத்த தோலில் மெலனின் பச்சை ஒளியை மிகுதியாக விழுங்குவதால் அலையின் உயரம் குறையும். நம் ஊர் மாணவர், துடிப்பென ஏற்க அலை தாண்டவேண்டிய உயரமாகப் பிறநாட்டு நிரலில் கண்ட வரம்பெண்ணை அப்படியே கொள்ளாது, தம் விரலுக்கேற்ப மாற்றிக்கொள்வதே முறை. திரையில் ஓடும் அலையை ஈ.சி.ஜி. எனச் சிலர் சொல்வது பிழை: ஈ.சி.ஜி. இதயத்தின் மின்னியக்கத்தைப் பதிவது, இவ்வுணரி விரலில் குருதியின் வரவைப் பதிவது. தோலில் படும் கருவியாதலால், சுவர்ப் பிளக்கில் செருகிய மடிக்கணினியைக் காட்டிலும் பேட்டரியில் ஓடும் ஒன்றோடு இணைத்துப் பார்ப்பதே பாதுகாப்பானது.