மலை கடக்கும் துவிச்சக்கர வண்டி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் துவிச்சக்கர வண்டி இல்லாத வீட்டைக் காண்பது அரிது. பாடசாலைக்குச் செல்லும் சிறுவனும், சந்தைக்குப் புகையிலை கொண்டு செல்லும் கமக்காரனும், கந்தோருக்குப் போகும் எழுதுவினைஞரும் அதனையே நம்பி வாழ்ந்திருக்கின்றனர். அந்நிலம் சுண்ணக்கற்பாறையின் மேல் விரித்த பாய்போலச் சமமானது. அங்கே வண்டிக்காரனுக்கு எதிர்க்காற்று ஒன்றே மலை. ஆனால் அதே வண்டியை மலைநாட்டுக்குக் கொண்டு சென்றால் நிகழ்வது வேறு. அரை நாழிகை கழியுமுன்னரே ஏறியிருந்தவன் இறங்கித் தள்ளத் தொடங்குவான். துவிச்சக்கர வண்டி மலைக்கு ஏற்றதன்று என்னும் எண்ணம் இவ்வாறுதான் பிறக்கின்றது. இவ்வெண்ணம் சரியானதா என்பதை ஒரு பாதையை முன்வைத்து ஆராய்தல் தகும்.

பேராதனையிலிருந்து புறப்பட்டுக் கம்பளை, நுவரெலியா, வெலிமடை, பதுளை, பிபிலை, மகா ஓயா ஆகிய ஊர்களினூடே சென்று, மட்டக்களப்பை அடுத்த செங்கலடியில் முடிவது ஒரு நெடுவீதி. வீதிப் பட்டியலில் ஏ 5 என்னும் எண் பெற்ற இது, 250 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளமுடையது. இலங்கையின் ஆற்றுப் பள்ளத்தாக்கு, தேயிலை மலை, புல்வெளிக் குன்று, காடு, சமவெளி ஆகிய அனைத்தையும் ஒரே வீதியில் வரிசையாகக் காட்டும் சிறப்பு இதற்குண்டு. ஆறு நாள் ஒதுக்கக்கூடிய உடல்நலமுள்ள ஒருவர் இதனை அமைதியாகக் கடந்துவிடலாம்.

முதற் பகுதி ஆற்றோரமானது. பேராதனைப் பூங்காவை வளைந்தோடும் மகாவலி கங்கையின் பள்ளத்தாக்கிலேயே வீதி கம்பளை வரை செல்கின்றது. பதினான்காம் நூற்றாண்டில் சிங்கள மன்னரின் தலைநகராக விளங்கிய கம்பளை, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ளது. இவ்வளவு உயரத்திலும் வீதி பெரும்பாலும் சமமாக இருப்பதேன்? நீர் செங்குத்தான வழியை நெடுங்காலம் விட்டுவைப்பதில்லை. பாறையை அரித்தும் வண்டலைப் பரப்பியும் தன் படுக்கையை மெல்ல மெல்லச் சீராக்கிக்கொள்கின்றது. ஆகவே மலைநாட்டில் முதல் வீதியை வகுத்தவன் பொறியியலாளனல்லன், ஆறே. மனிதன் அதன் பின்னே சென்றவன்.

கம்பளைக்கு அப்பால் வீதி ஆற்றைவிட்டுப் பிரிந்து மலையேறுகின்றது. புசல்லாவையையும் இறம்பொடையையும் கடந்து, 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவை அடைய ஏறத்தாழ 60 கிலோமீற்றர் செல்லவேண்டும். நகருக்குச் சற்று முன்னர் வரும் கணவாய் அதனினும் உயர்ந்தது. அதாவது 1400 மீற்றருக்கு மேலாக உடலையும் வண்டியையும் பொதியையும் உயர்த்தவேண்டும். இது மனிதனால் இயலுமா என்பதற்குக் கணக்கு விடை கூறும். மூன்றின் நிறையையும் சேர்த்து 90 கிலோகிராம் எனக் கொள்வோம். பயிற்சியுள்ள சாதாரண மனிதன் நெடுநேரம் தளராது தரக்கூடிய வலு ஏறத்தாழ 100 உவாற்று. பழைய மின்குமிழ் ஒன்றை எரிக்கும் அளவு. உராய்வுக்கும் காற்றுக்கும் ஒரு பங்கு போக, அவ்வலுவால் மணிக்கு 300 மீற்றர் உயரம் ஏறலாம். ஆகவே இவ்வேற்றம் ஐந்து மணி நேர வேலை. இரண்டு காலைகளாகப் பகுத்துக்கொண்டால் அச்சத்துக்கு இடமில்லை.

அப்படியாயின் சமவெளி வண்டி தோற்பது ஏன்? குற்றம் மனிதனுடையதன்று, பற்சில்லினுடையது. 20 மீற்றருக்கு ஒரு மீற்றர் உயரும் வீதியில், மேற்கூறிய வலுவுடையவன் மணிக்கு ஆறு கிலோமீற்றர், அதாவது நிமிடத்துக்கு 100 மீற்றர் செல்வான். சாதாரண வண்டியின் முன் பற்சில்லில் 46 பற்களும் பின் சில்லில் 18 பற்களும் இருப்பின், மிதி ஒருமுறை சுற்ற வண்டி ஐந்து மீற்றருக்கு மேல் நகரும். எனவே அவன் நிமிடத்துக்குப் பதினெட்டு முறைதான் மிதிக்கக்கூடும். ஒவ்வொரு மிதியும் பாறையைப் புரட்டுவது போலிருக்கும். முன்னும் பின்னும் முப்பது பற்கள் கொண்ட வண்டியாயின், ஒரு சுற்றுக்கு இரண்டு மீற்றர்; நிமிடத்துக்கு ஏறத்தாழ 48 மிதிகள். வேலையின் மொத்த அளவு மாறவில்லை. சிறு சிறு கூறுகளாகப் பகுக்கப்பட்டது, அவ்வளவே. பெருங்கடனைத் தவணையில் இறுப்பது போன்றது இது.

இவ்வுண்மையை உலகுக்கு ஓயாது வற்புறுத்தியவர் பிரான்சு நாட்டின் சென் எத்தியேன் நகரில் வாழ்ந்த போல் டி விவி என்பவர். 1853 இல் பிறந்து 1930 இல் மறைந்த அவர், வெலோசியோ என்னும் புனைபெயரில் எழுதியும், மலைகளில் தாமே ஏறிக் காட்டியும், பற்சில்லு மாற்றும் பொறியைப் பரப்பினார். அது முதியோருக்கே உரியது என்று பந்தயக்காரர் நகைத்தனர். பிரான்சைச் சுற்றிவரும் பெரும் பந்தயத்தில் அப்பொறி 1937 இல்தான் அனுமதிக்கப்பட்டது. பசிக்குமுன் உண், தாகத்துக்குமுன் பருகு என்னும் கருத்துப்பட அவர் வகுத்த நெறிகள் இன்றும் நெடும்பயணிகளால் போற்றப்படுகின்றன.

ஏற்றத்தில் பயணிக்கு உதவும் இன்னொன்று வீதியின் வளைவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காக மலைநாட்டு வீதிகள் வெட்டப்பட்டபோது அவற்றில் ஏறவேண்டியவை மாட்டுவண்டிகள். மாடு இழுக்கக்கூடிய சரிவே வீதியின் அளவுகோலாயிற்று. அதனாலேயே மலையை நேரே ஏறாது, கொண்டையூசி வளைவுகளால் சுற்றிச் சுற்றி ஏறுகின்றன. மாடும் மனிதனும் வலுக்குறைந்த பொறிகளே. ஆதலால் மாட்டுக்காக வகுத்த வீதி மிதிப்பவனுக்கும் பொருந்துகின்றது. இவ்வேற்றத்தில் இறம்பொடை நீர்வீழ்ச்சியும், கீழே கொத்மலை நீர்த்தேக்கமும் காட்சி தரும். 1985 இல் நிறைவுற்ற அந்த அணைக்காகக் கிராமங்களும் வயல்களும் வழிபாட்டிடங்களும் நீருள் மறைந்தன என்பதை அந்த அழகிய நீர்ப்பரப்பைக் காண்போர் நினைத்தல் வேண்டும். இறம்பொடையில் ஒரு சுரங்கப்பாதையும் உண்டு. பகலாயினும் விளக்கின்றி அதனுள் நுழையலாகாது.

மலையேற்றம் உடலைச் சோதிக்கும். இறக்கமோ உயிரையே சோதிக்கும். நுவரெலியாவிலிருந்து ஹக்கலைப் பூங்காவைக் கடந்து வெலிமடைக்கும், பின்னர் 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளைக்கும் வீதி வீழ்கின்றது. ஏறும்போது சேர்த்த சக்தி முழுவதும் இறங்கும்போது வெளிப்பட்டேயாக வேண்டும். பிறேக்கை இடைவிடாது அழுத்தினால் அச்சக்தி வெப்பமாகிச் சில்லின் விளிம்பைச் சுடும். விளிம்பு சூடேறின் ரியூப் வெடித்தலும் கூடும். வேகம் இருமடங்காயின் நிற்க வேண்டிய தூரம் நான்கு மடங்காகும். எனவே வளைவுக்குள் புகுமுன்னரே வேகத்தைக் குறைத்து, இரு பிறேக்குகளையும் விட்டுவிட்டு அழுத்தி, இடையிடையே நின்று விளிம்பை ஆறவிடுதல் முறை. ஆயிரம் மீற்றர் உயர்வதற்கு ஏறத்தாழ ஆறு பாகை வெப்பம் குறையும். ஏற்றத்தில் வியர்வையில் நனைந்த சட்டையோடு இறங்குபவனின் விரல்கள் குளிரால் விறைத்துவிடும். விறைத்த விரல் பிறேக்கைப் பிடியாது. உலர்ந்த மேற்சட்டையொன்று கொண்டு செல்வது ஆடம்பரமன்று.

நுவரெலியாவுக்கு அப்பால் நிலத்தின் முகமும் மாறுகின்றது. வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைச் சொரிந்துவிட்டு, மலைமுடியைத் தாண்டும்போது வறண்ட காற்றாக ஊவாவுக்குள் இறங்கும். ஒருபுறம் குடை பிடிப்பார். மறுபுறம் வயலுக்கு நீர் தேடுவார். மார்கழி, தை மாதங்களில் வடகீழ் மழையின் முறை. இரு பருவத்துக்கும் இடைப்பட்ட மாசியும் பங்குனியின் முற்பகுதியுமே இப்பாதை முழுவதற்கும் ஏற்ற காலம். இங்கே கருதத்தக்க ஒன்றுண்டு. முடியின் மேற்கே விழும் நீர் கொத்மலை ஓயா வழியாகவும், கிழக்கே விழும் நீர் உமா ஓயா, பதுளு ஓயா வழியாகவும் ஓடினாலும், இவை மூன்றும் இறுதியில் மகாவலியையே சேருகின்றன. மலை பிரிக்கின்றது, ஆறு கூட்டுகின்றது.

பதுளைக்குப் பின் பசறை, லுணுகலை ஆகிய குன்றுகளைத் தாண்டிப் பிபிலையில் வெப்பம் மீண்டும் வரவேற்கும். மகா ஓயாவில் வெந்நீரூற்றுகள் உள்ளன. அதன்பின் புல்லுமலை, கரடியனாறு வழியே வீதி சமமாகச் செல்கின்றது. போர்க்காலத்தில் பயணிகள் செல்லத் துணியாத இப்பகுதி, 2009 இல் போர் முடிந்தபின் மீண்டும் நடமாட்டம் கண்டது. இங்கே அஞ்சவேண்டியது காட்டு யானையை. அந்திக்குப் பின்னும் விடியலுக்கு முன்னும் வண்டியில் செல்லலாகாது; ஊரவரைக் கேட்டறிந்து செல்வதே அறிவு.

மலைப்பாதைக்கு வேறோர் அபாயமும் உண்டு. கனமழை நீர் மண்ணுள் ஊறி அதன் பிடிப்பைத் தளர்த்துங்கால் சரிவு முழுவதும் பெயர்ந்து விழுகின்றது. 2014 இல் மீரியபெத்தையில் தோட்டக் குடியிருப்பு ஒன்று மண்ணுள் புதைந்தது. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலையகமெங்கும் சரிவுகள் நேர்ந்து பல உயிர்கள் மாண்டன, வீதிகள் துண்டுபட்டன. ஆகவே நிலச்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளில் பயணத்தை நிறுத்துவது கோழைத்தனமன்று. வீதி திறந்திருக்கின்றதா என்று முன்னரே விசாரித்தல் கடமை.

பயணிக்கு வீதி மூடப்பட்டால் ஒரு விடுமுறை கெடும். தோட்டத்தில் வாழ்பவருக்கோ மருத்துவமனையும் பாடசாலையும் அரிசியும் எட்டாதனவாகிவிடும். தென்னிந்தியாவிலிருந்து காடு வழியே நடந்து வந்தோரின் வழித்தோன்றல்களே அவர்களுள் மிகப் பலர். அவர்தம் முன்னோர் வியர்வை சிந்தி உழைத்த மலை இது. மோட்டார் வண்டியில் விரைபவருக்கு அவர்களுடைய லயங்கள் ஒரு கணத்தில் மறையும். மணிக்கு ஆறு கிலோமீற்றர் செல்பவனோ, முற்றத்தில் நிற்பவரின் முகத்தைக் காண்பான், தண்ணீர் கேட்பான், அவர்கள் தந்த தேநீரைப் பருகி இரண்டு வார்த்தை பேசுவான். மலைக்குத் துவிச்சக்கர வண்டி ஏற்றதா என்னும் வினாவுக்குப் பற்சில்லும் பிறேக்கும் ஒரு விடை தருகின்றன. அந்தத் தேநீர்க் கிண்ணம் மற்றொரு விடை தருகின்றது.