புதுச்சேரியில் இரண்டான விண்மீன்

வைகாசி, ஆனி மாதங்களின் முன்னிரவிலே கப்பல்துறையில் நின்று தென்றிசையை நோக்குவோர்க்கு, அடிவானத்தின்மேல் ஏறத்தாழ 20 பாகை உயரத்தில் பேரொளி வாய்ந்த இரு விண்மீன்கள் பக்கம் பக்கமாகத் தோன்றும். அவற்றுள் கிழக்கே உள்ளது அல்பா செந்தோரி. வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இது உண்மையில் இரண்டு ஞாயிறுகள். ஒன்று நம் ஞாயிற்றினும் சற்றுப் பெரியது. மற்றையது சற்றுச் சிறியது. ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்கு ஒருமுறை அவை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன.

இவ்விரட்டைத்தன்மை முதன்முதல் அறியப்பட்டது ஐரோப்பிய வானாய்வுக்கூடம் எதிலுமன்று. தமிழ் வழங்கும் புதுச்சேரியிலேயே. சீயத்தில் 1688இல் நிகழ்ந்த அரசியற் புரட்சியின் பின்னர், பிரெஞ்சு யேசுசபைத் துறவியாகிய ழான் ரிஷோ புதுச்சேரியை அடைந்தார். 1689 டிசம்பரில் வால்வெள்ளியொன்றைத் தொலைநோக்கியால் ஆராய்ந்தவர், செந்தோரின் பாதத்து விண்மீன் இரண்டாகப் பிரிந்து தோன்றுவதைக் கண்டு குறித்துவைத்தார். தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று!

செந்தோர் என்பது கிரேக்கர் புராணங்கூறும், பாதி மனிதனும் பாதி குதிரையுமான உரு. அதன் முன்காலின் நுனியில் இவ்விண்மீனைத் தொலமி வைத்தார். அதனையே அராபியர் தம் மொழியிற் பெயர்த்தனர். 'ரிஜ்ல்' என்றால் கால். அதன் திரிபே ரிகில் கெந்தௌரசு. தொலிமான் என்னும் மற்றைப் பெயரின் வரலாறு விந்தையானது. அல்பர்கானியின் வானநூலை 1669இல் இலத்தீனில் வெளியிட்ட கோலியசின் பதிப்பிலிருந்து அது பரவிற்று. மூலச்சொல்லாகிய 'லுல்மான்' தீக்கோழிகளைக் குறிப்பது. குதிரைக் காலிலே தீக்கோழி எவ்வாறு வந்து நின்றதோ!

இரு பெயர்களும் விண்மீனை ஒன்றென எண்ணிய காலத்தில் எழுந்தவை. அனைத்துலக வானியல் ஒன்றியம் 2016இல் முன்னதைப் பெரிய விண்மீனுக்கும், 2018இல் பின்னதைச் சிறியதற்கும் உரிமையாக்கிற்று. ஒரு வீட்டின் இரு பெயர்களை அண்ணன் தம்பியர்க்குப் பங்கிட்டாற்போன்றது இது. நம் முன்னோர் வெறுங்கண்ணாற் பிரித்தறிந்த இணைக்கு வசிட்டன், அருந்ததி எனக் கணவன் மனைவியர் பெயரையே இட்டனர். அம்முறையே எனக்குச் சிறந்ததாகத் தோன்றுகிறது.

இவ்விரண்டோடு சேர்ந்த மங்கலான மூன்றாவது விண்மீனை 1915இல் தென்னாபிரிக்காவில் இன்னெசு என்பவர் கண்டறிந்தார். அவர் இட்ட புரொக்சிமா என்னும் இலத்தீன் பெயருக்கு 'மிக அண்மையது' என்பது பொருள். நம் ஞாயிற்றையடுத்து நமக்கு மிகக் கிட்டிய விண்மீன் அதுவே, தொலைவு 4.24 ஒளியாண்டு.