ஏழாம் எண் கணினி

எங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் ஏழாம் எண் கணினிக்குக் கெட்ட பெயர். இணையவழித் தேர்வு நடக்கும்போதே திரை நீலமாகும்; கணினி தானாக அணைந்து மீண்டும் தொடங்கும். எழுதிய விடைகள் போய்விடும். அதன்முன் அமர்ந்திருந்த ஒன்பதாம் வகுப்பு மாணவனிடம், "என்னடா அழுத்தின?" என்று கடிந்துகொண்டேன். மறுவாரம் வேறொரு மாணவி அமர்ந்தபோதும் அதே கதை.

முதலில் ரேமைத்தான் சந்தேகித்தேன். கழற்றித் துடைத்தேன்; பக்கத்துக் கணினியின் ரேமை மாற்றியும் பார்த்தேன். பயனில்லை. நான் திட்டிய அந்த மாணவன்தான், "சார், நெட் கேபிள் இல்லாதப்ப ஒரு தடவைகூட இப்படி ஆகலை" என்றான்.

கேபிளைக் கழற்றிவிட்டு இரண்டு மணி நேரம் ஓடவிட்டோம். ஒன்றும் ஆகவில்லை. கேபிளைச் செருகிப் பெரிய கோப்பொன்றைப் பதிவிறக்கியதும் நீலத் திரை வந்தது. உடனே அலைபேசியில் படமெடுத்தேன். 'டிரைவர் ஐ.ஆர்.க்யூ.எல். நாட் லெஸ் ஆர் ஈக்வல்' என்ற வரியும், அதன்கீழ் நெட்வொர்க் கார்டு டிரைவரின் கோப்புப் பெயரும் இருந்தன.

சாதாரணச் செயலி தவறு செய்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். டிரைவரோ பெரும்பாலும் இயங்குதளத்தின் உட்பகுதியான கெர்னலில் ஓடுகிறது. அங்கே தொடக்கூடாத நினைவகப் பகுதியைத் தொட்டால், மேலும் சேதம் நேராமலிருக்க விண்டோஸ் தன்னையே நிறுத்திக்கொள்ளும். அதுதான் நீலத் திரை. ரேம் பழுதானாலும் இதே வரி வரலாம். ஆனால் அப்போது கோப்பின் பெயர் பெரும்பாலும் மாறி மாறி வரும். எங்களுக்கு மூன்று முறையும் ஒரே பெயர்.

டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டரின் பண்புகளைத் திறந்தேன். 'ரோல் பேக் டிரைவர்' பொத்தானை அழுத்த முடிந்தால் வேலை சுலபம். முந்தைய டிரைவர் திரும்பிவிடும். எங்கள் கணினியில் அது மங்கலாக இருந்தது. பழையது சேமிப்பில் இல்லை என்று பொருள். எனவே டிரைவரை நீக்கிப் புதிதாக நிறுவ வேண்டியதாயிற்று. இங்கே அவசரப்பட்டால் மாட்டிக்கொள்வோம். டிரைவர் போனால் இணையமும் போய்விடும்! ஆகவே தயாரிப்பாளரின் தளத்திலிருந்து, அந்த மாடலுக்குரிய டிரைவரை வேறு கணினியில் பதிவிறக்கிப் பென்டிரைவில் ஏற்றிய பிறகே நீக்கினேன். நீக்கும்போது, டிரைவர் மென்பொருளையும் அழிக்கச் சொல்லும் பெட்டியில் டிக் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் மறுதொடக்கத்தில் பழுதானதே திரும்பி வரும். திரை திறந்ததுமே நீலமாகும் கணினி என்றால், கேபிளைக் கழற்றிவிட்டு சேஃப் மோடில் நீக்கலாம்.

அந்த மாணவனிடம் வருத்தம் தெரிவித்தேன். எட்டும் ஒன்பதும் அதே மாடல், அதே டிரைவர். பென்டிரைவைக் கொடுத்து அவற்றை அவனையே செய்யச் சொன்னேன். நான் பக்கத்தில் நின்றேன்.