சுருட்டைப் பாம்பும் ஐந்து இலட்சம் ரூபாவும்

சென்ற மாதம் ஒருவர் எனது கடைக்கு வந்தார். 1990இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிப் புத்தளத்தில் இருந்த காலத்துப் பழக்கம். தேத்தண்ணி வருவதற்குள் விடயத்துக்கு வந்துவிட்டார். "நானா, பாம்பு விஷம் ஒரு லீற்றர் கோடிக்கணக்கில் போகுது. எங்கட கரையோர மணலில சுருட்டை நிறைய இருக்கு. பிடிக்க ஆள் இருக்கு. நீங்க ஐந்து இலட்சம் போட்டால் போதும்."

இதே கதையோடு வேறு சில வியாபாரச் சகோதரர்களிடமும் ஆட்கள் போயிருப்பதாக அறிந்தேன். ஆகவே நான் விசாரித்து அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. பாம்பு விஷத்தை லீற்றரில் யாரும் விற்பதில்லை. எடுத்தவுடன் குளிர வைத்து உலர்த்தித் தூளாக்குவார்கள். விலை பேசுவது கிராமில், சில வேளை மில்லிகிராமில். சுருட்டை ஒரு முழ நீளப் பாம்பு. ஒரு தடவைக்கு அதிலிருந்து கிடைக்கும் உலர்ந்த விஷம் மில்லிகிராம் கணக்கில்தான். ஒரு லீற்றர் திரவம் சேர்க்க எத்தனை ஆயிரம் பாம்பு வேண்டும் என்று வந்தவரிடம் கேட்டேன். அவர் அதைக் கணக்குப் பார்த்திருக்கவில்லை.

விஷத்துக்குப் பெறுமதி இல்லை என்று நான் சொல்லவில்லை. அது ஒரே பொருள் அல்ல. பல நொதியங்களும் நச்சுப் புரதங்களும் கலந்த கலவை. அவற்றைப் பிரித்தெடுக்கும் முறை எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தூளைக் கரைத்து, நுண்ணிய மணிகள் நிரப்பிய கண்ணாடிக் குழாயின் மேலே ஊற்றுவார்கள். நாம் அரிசி சலிக்கும்போது சிறியது முதலில் விழும். இங்கே பெரியது முதலில் வரும். சிறியவை மணிகளின் துளைகளுக்குள் புகுந்து சுற்றி வருவதால் பிந்தும். வருவதைத் துளித்துளியாக வேறு வேறு குழாய்களில் பிடித்து, எது என்ன வேலை செய்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பார்கள்.

நம் சுருட்டையின் இனத்திலிருந்தே இப்படிப் பிரித்த ஒன்று எக்கிஸ்ரற்றின். குருதிச் சிறுதட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதை அது தடுக்கும். அதன் அமைப்பைப் பார்த்து மேர்க் கம்பனி செய்த இருதய மருந்துதான் ரைரோபிபான். 1998இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பே பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷத்தை வைத்து, இரத்த அழுத்தத்துக்கான கப்டோபிரில் வந்துவிட்டது. அதற்கு அனுமதி 1981இல். வியாபாரிகள் கவனிக்க வேண்டிய இடம் இது. இரண்டும் ஆய்வுகூடத்தில் செயற்கையாகச் செய்யப்படுபவை. சூத்திரம் கைக்கு வந்தபின் கம்பனிக்குப் பாம்பு தேவையில்லை.

பாம்பு இன்றும் தேவைப்படுவது முக்கியமாக விஷ முறிவு மருந்துக்கு. குதிரைக்குச் சிறிது சிறிதாக விஷம் ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்து அதை எடுக்கிறார்கள். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பாம்புத்தோல் வியாபாரம் தடையானதும் பிழைப்பிழந்த இருளர்களுக்காக, ரொமுலஸ் விற்றேக்கரின் முயற்சியால் 1978இல் தொடங்கியது. அரசாங்க அனுமதியோடு நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை ஆகிய நான்கையும் பிடித்து, சில வாரம் வைத்து விஷம் எடுத்தபின் காட்டில் விட்டுவிடுவார்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கோடீஸ்வரர்களாக யாரும் ஆகவில்லை.

இலங்கை ஆஸ்பத்திரிகளில் போடும் ஊசியும் இந்தியப் பாம்புகளின் விஷத்தால் இந்தியாவில் செய்யப்பட்டதே. எனது மச்சானின் மகனை விறகு அடுக்கும்போது சுருட்டை கடித்தது. வாட்டில் அவனது இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் இருபது நிமிடம் வைத்து, பிறகு சரித்துப் பார்த்தார்கள். தண்ணீர்போல ஓடியது. உறையவே இல்லை. அந்த இருபது நிமிடம் போல நீளமான நேரத்தை நான் அறியேன். ஊசி போட்டுப் பிழைத்தான், அல்ஹம்துலில்லாஹ்.

ஒரே பெயருள்ள பாம்புக்கும் ஊருக்கு ஊர் விஷம் மாறும். சிங்களத்தில் குணகட்டுவா எனப்படும் பாம்பின் விஷத்துக்கு இந்திய ஊசி செய்யப்படவேயில்லை. ஆகவே பேராதனைப் பல்கலைக்கழகத்தார், கொஸ்ரரிக்காவின் கிளோடோமிரோ பிக்காடோ நிறுவனத்துடன் சேர்ந்து, நம் நாட்டுப் பாம்புகளின் விஷத்தைக் கொண்டே மருந்து செய்ய முயன்றிருக்கிறார்கள். இந்தத் துறையில் பணம் போக வேண்டிய இடம் அதுதான் என்பது எனது அபிப்பிராயம்.

திருட்டு வழியில் நடப்பது வேறு. மேற்கு வங்காளத்தில் பிரான்ஸ் நாட்டு முத்திரை குத்திய கண்ணாடிக் குடுவைகளைப் பாம்பு விஷம் என்று கொண்டுபோனவர்கள் பல தடவை பிடிபட்டிருக்கிறார்கள். இங்கேயும் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் இந்தச் சரக்கில் கைவைத்தால் முதலோடு ஆளும் உள்ளே போக வேண்டியதுதான்.

வந்தவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: வாங்கப்போகும் ஆய்வுகூடத்தின் பெயரும் விலாசமும். "அடுத்த கிழமை கொண்டு வாறன் நானா" என்று தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பினார். நாலு கிழமை ஆகிறது.